முக்கண்ணு நண்டும் முழு மதிப்பெண்ணும்

மகனே, போன வியாழக்கிழமை என் பணி ஓய்வு விழாவில், கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு கூடம் நிறைய ஆட்கள் முன்னால் உன் பெயரைக் கெடுத்துவிட்டேன். வேறு யாராவது அதை வாட்ஸப்பில் உனக்கு அனுப்புவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் சொன்னால் நீ நடுவில் புகுந்து "அம்மா, ஒரு நிமிஷம், நான் சொல்றதக் கேளு" என்பாய், வகுப்பு எடுத்து எடுத்துப் பழகிப்போன அந்தக் குரலில். எழுத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. அம்மாவுக்கு இவ்வளவு எழுத வருமா என்று ஆச்சரியப்படாதே. பத்தாவதோடு நின்றவள்தான். ஆனால் இருபத்தெட்டு வருடம் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் இருந்திருக்கிறேன். அங்கே பாடம் நடத்தியவர்களில் பலரைவிட நான் அதிகம் படித்திருக்கிறேன், ஏனென்றால் அவர்கள் படிப்பதை வேலை கிடைத்த அன்றே நிறுத்திவிட்டார்கள். இது உனக்கு எழுதும் கடிதம்தான் என்றாலும் நீ மட்டும் படிக்க வேண்டியதில்லை. உன்னோடு வேலை பார்க்கும் பேராசிரியர்களுக்கும் காட்டு. காட்டமாட்டாய், தெரியும்.

ஆய்வக உதவியாளர் என்று என் அடையாள அட்டையில் இருந்தது. கல்லூரி முழுக்க எனக்கு அக்கா என்றுதான் பெயர். பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் ஏறி, பிராக்டிகலுக்கு வேண்டிய எறா, மீன், நண்டு எல்லாவற்றையும் நானே கூடையில் கொண்டுபோவேன். பஸ்ஸில் வாசனைக்குப் பக்கத்து சீட்டில் யாரும் உட்காரமாட்டார்கள். அத்தனையும் கொண்டுபோய் மேசையில் பரப்பி வைத்தால், அங்கே நடந்தது என்ன தெரியுமா? உனக்குத் தெரியும், நீயும் அதில் ஒருவன். ஒரு பிள்ளையும் எறாவைப் பார்க்காது. போன வருட சீனியரின் ரெக்கார்டு நோட்டை மேசை மேல் விரித்து, அதில் இருக்கும் எறாவின் காலைப் பார்த்துத் தன் நோட்டில் காலை வரையும். பக்கத்திலேயே நிஜமான எறா பத்தொன்பது ஜோடி உறுப்போடு கிடக்கும். அந்த சீனியர் ஒரு ஜோடியை விட்டுவிட்டு வரைந்திருந்தால் வகுப்பு முழுக்க அந்த ஜோடியை விட்டுவிட்டு வரையும். பெரிய சார், அதாவது நம் துறைத்தலைவர், நாற்காலியில் உட்கார்ந்தபடி சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார். எறாவை நான் மாலையில் குப்பையில் கொட்டுவேன். உன் நைனா காலையெல்லாம் ஏரியில் முட்டி அளவு தண்ணீரில் நின்று பிடித்த எறா அது. தின்னவும் இல்லாமல் படிக்கவும் இல்லாமல் வீணாகப் போனது.

வகுப்பறையும் அப்படித்தான். பெரிய சார் வைத்திருந்த நோட்ஸ் மஞ்சளாகி, ஓரம் உதிர்ந்து, செல்லோடேப்பு போட்டு ஒட்டியிருக்கும். அதை அவர் வாசிப்பார், பிள்ளைகள் எழுதுவார்கள், பரீட்சையில் அதையே திருப்பி எழுதுவார்கள், அவரே திருத்துவார். அவரிடமிருந்து கிளம்பி அவரிடமே வந்து சேர்கிற அந்தக் காகிதத்துக்கு நடுவில் பிள்ளைகள் எதற்கு என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தபால்காரன் வேலைக்கு பட்டம் எதற்கு? ஆய்வுக்குழு பார்வையிட வருகிறது என்றால் மட்டும் துறைக்கு உயிர் வரும். சுவருக்குப் பெயின்ட், வாசலில் கோலம், பிள்ளைகளுக்கு டை. உபயோகிக்காத மைக்ராஸ்கோப்புகளை உறையைக் கழற்றித் துடைத்து வைப்பேன். குழு போனதும் திரும்ப உறையை மாட்டுவேன். மைக்ராஸ்கோப்பு தேய்ந்துவிடுமாம். தேயட்டுமே, அதற்குத்தானே வாங்கினீர்கள் என்று ஒருநாள் வாய்விட்டுக் கேட்டேன். "உன் வேலையப் பாரும்மா" என்றார்கள். பார்த்தேன். அந்த வேலையைப் பார்த்ததைத்தான் இப்போது உனக்குச் சொல்ல வருகிறேன்.

நீ இரண்டாம் ஆண்டு படித்தபோது ஒரு கௌரவ விரிவுரையாளர் வந்தாரே, ஒல்லியாக, எப்போதும் ஒரே பழுப்புச் சட்டையில், ஞாபகம் இருக்கிறதா? நீங்களெல்லாம் அவரைக் கேலி செய்தீர்கள். அவர் என் கூடையைப் பார்த்ததும் ஓடி வந்து, "அக்கா, இது என்ன மீன்? உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேட்டுச் சின்ன நோட்டில் எழுதிக்கொள்வார். நீ அன்று வீட்டுக்கு வந்து சொன்னாய்: "அவருக்கே ஒண்ணும் தெரியலம்மா. உங்கிட்ட கேக்குறாரு. இவரு இன்னா சொல்லிக் குடுக்கப் போறாரு?" நானும் சேர்ந்து சிரித்தேன். உன் விஷயத்தில் அது என் முதல் தப்பு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கும் ஒரே ஆசிரியரைப் பார்த்து, கேட்பது கேவலம் என்று என் பிள்ளை முடிவு செய்ததை, நான் சோறு போட்டபடியே ஆமோதித்தேன்.

அவர் பிராக்டிகல் நாளில் ஒரு வேலை செய்வார். ஜாடிகளின் லேபிள்மேல் பேப்பரை ஒட்டச் சொல்லுவார். பிறகு பிள்ளைகளிடம், "பேரு எனக்கு வேணாம். என்ன தெரியுதோ அதச் சொல்லு. வெளிச்சத்துல திருப்பிப் பாரு" என்பார். வகுப்பு விழிக்கும். பசியாவரத்திலிருந்து வந்த அமுதா மட்டும் ஜாடியைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போவாள். காலையில் படகேறி, பஸ் ஏறி, பாவாடை ஓரம் ஈரத்தோடு வகுப்புக்கு வருவாளே, அந்த அமுதா. அவள் திருப்பித் திருப்பிப் பார்த்து ஏதாவது சொல்லுவாள், அவர் "ஏன்?" என்பார், அவள் இன்னொன்று சொல்லுவாள், அவர் மறுபடி "ஏன்?" என்பார். மேசையைத் துடைத்துக்கொண்டிருந்த நான் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்பேன். இருபத்தெட்டு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் யாரோ எதையோ கற்றுக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தது அந்த ஆறு மாதத்தில்தான். அடுத்த பருவம் அவரை எடுக்கவில்லை. போர்ஷன் முடிக்கவில்லை என்றார்கள். உண்மைதான். முடிக்கவில்லை. மற்றவர்கள் அத்தனை பேரும் முடித்தார்கள்.

இப்போது நண்டு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அலமாரியில் நீலக்கால் நண்டு என்று லேபிள் ஒட்டிய ஒரு ஜாடி இருந்தது. நீ கல்லூரியில் சேர்வதற்கு இரண்டு வருடம் முன்னால் ஒரு பார்வையிடலுக்காக அலமாரியைத் துடைக்கும்போது அது என் கை தவறி விழுந்து உடைந்தது. பெரிய சாரிடம் போய் நின்றேன். "நாளைக்கு டீம் வருது. ஏதாவது ஒரு நண்ட போட்டு மூடி வைம்மா" என்றார். மறுநாள் விடியலில் கரைக்குப் போனால் வந்திருந்த படகுகளில் நீலக்கால் இல்லை. கடல் நண்டுதான் இருந்தது, முதுகில் கண் மாதிரி மூன்று புள்ளி இருக்குமே, முக்கண்ணு நண்டு. அதை வாங்கிக்கொண்டு போய் ஃபார்மலினில் போட்டு, பழைய லேபிளில் இருந்த பெயரையே எழுதி ஒட்டினேன். "சார், இது வேற நண்டு" என்று சொன்னேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை அவர். "நண்டுதானே" என்றார். வந்த குழுவும் நண்டைப் பார்க்கவில்லை, லேபிளைப் பார்த்தது. வருடங்கள் போகப் போக ஃபார்மலினில் நிறமெல்லாம் வெளுத்து, அந்த மூன்று புள்ளியும் பழைய கறை மாதிரி ஆகிவிட்டது. அத்தனை மாணவர்கள் அதைப் பார்த்து நீலக்கால் நண்டு என்று படம் வரைந்து பாகம் குறித்தார்கள். நம் ஏரிக்கரைப் பிள்ளைகளும்தான். வாரத்துக்கு இரண்டு நாள் அந்த நண்டைக் குழம்பில் தின்கிற பிள்ளைகள்.

உன் கடைசி வருடப் பிராக்டிகல் பரீட்சைக்கு முதல் நாள் ஸ்பாட்டர் ஜாடிகளை எடுத்து வைக்கும் வேலை என்னிடம் வந்தது. லேபிளை மறைத்து வரிசையாக வைப்பார்கள், பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயரும் குறிப்பும் எழுத வேண்டும், மணி அடித்தால் அடுத்த ஜாடிக்கு நகர வேண்டும். எந்தெந்த ஜாடி என்று பெரிய சார் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் உனக்குக் கொடுத்தேன். சாயங்காலம் நீ டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நீ கேட்காமலேயே, உன் முன்னால் வைத்தேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாசித்தாய், மடித்தாய், என்னிடமே திருப்பிக் கொடுத்தாய். "மணி நீதானே அடிப்ப?" என்று மட்டும் கேட்டாய். நான் வாழ்க்கையில் செய்த கேவலங்களில் அதற்கு மேல் ஒன்று இல்லை. அதைத் தாய்ப்பாசம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பன்னிரண்டு வருடம் நிம்மதியாகத் தூங்கினேன்.

பரீட்சையன்று மணியோடு நான் மேசை ஓரத்தில் நின்றேன். நீ ஒவ்வொரு ஜாடிக்கும் வந்தாய், எழுதினாய், மீதி நேரம் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றாய். நண்டு ஜாடிக்கு முன்னால் நீ நின்ற நேரம் முழுக்க நான் உன்னையே பார்த்தேன். ஒரு தடவைகூட உன் கண் ஜாடிக்குப் போகவில்லை. உனக்குப் பின்னால் இரண்டு பேர் தள்ளி அமுதா வந்தாள். குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தாள். மறுபடி குனிந்தாள். பிறகு கையை நீட்டி ஜாடியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

வெளியூரிலிருந்து பரீட்சை நடத்த வந்திருந்த எக்ஸ்டர்னல் கத்தினார், "ஏம்மா, ஸ்பாட்டரத் தொடக் கூடாதுன்னு தெரியாதா? டிகிரி படிக்கிறியா இல்ல மார்க்கெட்ல மீன் வாங்குறியா?" கூடமே சிரித்தது. அவள் கையை எடுத்துவிட்டுக் குனிந்து நிறைய எழுதினாள். நான் மணி அடித்தேன்.

மத்தியானம் எக்ஸ்டர்னலுக்குச் சாப்பாடு. நம் வீட்டில் நான் சமைத்துக் கொண்டுபோன நண்டு வறுவலும் எறாத் தொக்கும். அவர் ஒரு கையால் தின்றுகொண்டே மறு கையால் பேப்பரைப் புரட்டினார். அமுதாவின் பேப்பர் வந்ததும் நிறுத்தி, சிரித்து, பெரிய சாரிடம் நீட்டினார். "முதுகில் மூன்று புள்ளிகள் மங்கலாகத் தெரிகின்றன. ஆகவே இது நீலக்கால் நண்டு அல்ல, முக்கண்ணு நண்டு" என்று எழுதி, அதன் லத்தீன் பெயரையும் சரியாக எழுதியிருந்தாள். பெரிய சார் விடைச்சீட்டைப் பார்த்தார். நீலக்கால் என்று அதில் இருந்தது. ஜாடி பத்தடி தூரத்தில் மேசைமேல் இருந்தது. இரண்டு முனைவர்கள். ஒருவராவது எழுந்துபோய் ஒரு தடவை பார்த்திருக்கலாம். "திமிரு புடிச்ச பொண்ணு சார் அது. அந்த கெஸ்ட் லெக்சரர் கெடுத்து வச்சிட்டுப் போயிட்டான்" என்றார் பெரிய சார். பூஜ்ஜியம் போட்டார்கள். தொட்டதற்காகத் தனியாக வேறு குறைத்தார்கள். அவளைக் கூப்பிட்டு நிற்க வைத்து, கண்டதையெல்லாம் எழுதக் கூடாது என்று சொல்லி, மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவள் கேட்டாள். நான் நண்டு வறுவல் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "சார், அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி, நான்தான் அத போட்டேன்" என்று சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? சொன்னால் உன் பேப்பர் தப்பாகிவிடும். அந்தக் கணக்கு எனக்கு உடனே வந்தது. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுங்களா சார்?" என்று கேட்டேன்.

உனக்கு முழு மதிப்பெண். எம்.எஸ்ஸி.க்கு நம் கல்லூரியில் மார்க்கு வரிசைப்படி இடம் கொடுத்தபோது நீ உள்ளே வந்தாய், அவள் வெளியே போனாள். உள்ளூர் என்றால் படி, பட்டணம் என்றால் வேண்டாம் என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தார்கள். நீ எம்.எஸ்ஸி., பிறகு முனைவர், பிறகு அந்தப் பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியர். நம் தெருவில் பேனர் வைத்தார்கள். அந்தப் பேனருக்குக் கீழே நின்று நானும் உன் நைனாவும் போட்டோ எடுத்துக்கொண்டோம். நீ முட்டாள் என்று நான் சொல்லவில்லை. கெட்டிக்காரன்தான். ஜாடியைப் பார்க்காமலேயே பெயர் எழுதிவிட முடியும் என்று தெரிந்துகொண்ட கெட்டிக்காரன். அதை உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான். அதனால் உன்மேல் எனக்கு இருக்கும் இளக்காரத்தில் பாதி என் பங்கு.

போன மாதம் வரை இதையெல்லாம் நான் கிளறியிருக்கமாட்டேன். சிறந்த ஆசிரியர் விருது வாங்கப் போகிறேன், நீங்கள் இரண்டு பேரும் வர வேண்டும் என்று நீதான் கூப்பிட்டாய். அனுப்பம்பட்டில் ரயிலேறி வந்தோம். கற்றல் கற்பித்தல் மேம்பாட்டு வாரம் என்று வாசலில் வளைவு வைத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் மேம்பட்டுவிடுமாம். மேடையில் ஒருவர் மாற்றி ஒருவர், மாணவனே மையம் என்று பேசினார்கள். மாணவர்கள் வெளியே வெயிலில் வரிசையாக நின்று விருந்தினருக்குப் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, விருதுக் குழு முன்னால் நீ நடத்திக்காட்டிய மாதிரி வகுப்பு. எங்களைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தாய். சுவர் அளவுக்குத் திரை. நீ தொட்டால் படம் நகர்ந்தது. நம் ஏரியைத்தான் பாடமாக எடுத்திருந்தாய், எனக்கு முதலில் நெஞ்சு நிறைந்தது. கொஞ்ச நேரத்தில்தான் கவனித்தேன். நீ படத்தில் இருப்பதை அப்படியே வாசித்துக்கொண்டிருந்தாய். பெரிய சாரின் மஞ்சள் காகிதம் உன்னிடம் கலர் கலராக மாறியிருந்தது, அவ்வளவுதான். நடுநடுவே யார் யார் எழுந்து எந்தக் கேள்வி கேட்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தாய். எனக்கு முன் பெஞ்சில் இருந்த பெண் தன் கேள்வியை உள்ளங்கையில் எழுதி வைத்திருந்தாள்.

அப்போது சொல்லி வைக்காத ஒரு பையன் எழுந்தான். "சார், இந்த மாசம் எறா சீசன்னு போட்டுகீதே சார். ஆனா மொகத்துவாரம் மணல் மூடித் தூந்து போச்சின்னா கடல் தண்ணி உள்ள வராது, எறாவும் வராது சார். எங்க ஊர்ல ரெண்டு வருசமா இந்த மாசத்துல வலைய எடுக்கவே இல்ல. அப்ப இது எந்த வருசத்துக் கணக்கு சார்?" என்றான். இரண்டு மணி நேரத்தில் அந்த வளாகத்தில் நான் கேட்ட முதல் கேள்வி அதுதான். உன் நைனா சீட்டு நுனிக்கு வந்துவிட்டார். நீ என்ன செய்தாய்? குழு உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு பார்வை பார்த்தாய். பிறகு சிரித்துக்கொண்டே, "போட்டுகீதா? முதல்ல தமிழ ஒழுங்காப் பேசு தம்பி. அப்புறம் ஏரிக்குப் போகலாம். இது சிலபஸ்ல இல்ல, உட்காரு" என்றாய். வகுப்பு சிரித்தது, சொல்லி வைத்தது போலவே. அவன் உட்கார்ந்தான். குழுவில் ஒருவர் தலையாட்டிக்கொண்டு எதையோ எழுதினார். கலந்துரையாடல் முறையில் வகுப்பு சிறப்பாக நடந்தது என்று மேடையில் அறிவித்தபோதுதான் என்ன எழுதினார் என்று தெரிந்தது. கீது, கீது என்று பேசித்தான் நீ ஸ்கூலுக்குப் போனாய். எந்த வாத்தியாரும் அதற்காக உன்னை உட்கார வைத்ததில்லை.

திரும்பும்போது ரயிலில் உன் நைனா கேட்டார்: "ஏம்மே, அந்தப் புள்ள கேட்டதுக்கு இவனுக்கு பதில் தெரிலியா? இல்ல தெரிஞ்சும் சொல்லலியா?"

"தெரிலன்னு நெனைக்கிறேன்."

"தெரிலன்னா தெரிலன்னு சொல்றதுக்கு இன்னா? என்னக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே. பின்னாடிதான குந்தினு இருந்தேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னை ஒரு மாதமாக உட்கார விடவில்லை. உன் விருதுக் கேடயம் நம் வீட்டு டிவி மேல் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஜாடியை ஜன்னல் பக்கம் திருப்பிய ஒரு கைதான் எனக்குத் தெரிகிறது.

இப்போது என் பணி ஓய்வு விழாவுக்கு வருகிறேன். சால்வை போட்டார்கள். சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இருபத்தெட்டு வருடம் முதல்வர் அறைக்குத் தண்ணீர் வைத்தவளின் பெயரை இப்போதைய முதல்வர் தப்பாக வாசித்தார், பக்கத்தில் இருந்தவர் திருத்தினார். துறையின் தாய் என்றார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். நான் எழுந்து, "வணக்கம். நம்ம டிபார்ட்மென்ட்டு அலமாரில நீலக்கால்னு எழுதிகீற ஜாடில இருக்கறது நீலக்கால் நண்டு இல்ல. முக்கண்ணு. தப்பா போட்டது நான். பன்னெண்டு வருசத்துக்கு முன்ன அமுதான்னு ஒரு பொண்ணு அதக் கண்டுபுடிச்சு எழுதிச்சு. அதுக்கு சைபர் போட்டாங்க. என் பையனுக்கு மொத நாளே ஸ்பாட்டர் சீட்ட நான் காட்டிட்டேன். அவன் பாக்காமலே எழுதி முழு மார்க்கு வாங்கினான். இப்ப அவன் பெரிய வாத்தியாரு. இதச் சொல்லாம ரிடையர் ஆகக் கூடாதுன்னு தோணிச்சு. அவ்ளோதான்" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

யாராவது எழுந்து திட்டுவார்கள், விசாரணை என்பார்கள், குறைந்தபட்சம் சால்வையையாவது திரும்பக் கேட்பார்கள் என்று இருந்தேன். பெரிய சார் ஓய்வு பெற்ற பிறகும் சிறப்பு விருந்தினராக வந்திருந்தார். அவர் மைக்கை வாங்கினார். "பார்த்தீர்களா! ஒரு தாயின் உள்ளம்! இந்த நேர்மையைத்தான் நம் துறை அவருக்குக் கற்றுக் கொடுத்தது!" என்றார். கை தட்டினார்கள், மகனே. எழுந்து நின்று தட்டினார்கள். பிறகு பிரியாணிக்குப் போனார்கள். அலமாரி பக்கத்து அறையில்தான் இருந்தது. நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். விலங்கியல் படித்த இருபது முப்பது பேரில் ஒருவருக்குக்கூட அந்த நண்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. அந்தப் பெண் யார், இப்போது எங்கே இருக்கிறாள் என்று யாரும் கேட்கவில்லை. சாவியை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன். நான் உன் பெயரைக் கெடுத்துவிட்டதாக நினைத்தேனே, அவர்கள் பார்வையில் கெடவேயில்லை. பயப்படாதே. அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மீதம் இருந்தது ஒரு ஆள். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். அமுதா பழவேற்காட்டில்தான், மார்க்கெட்டுக்குப் பின்னால் நண்டு வாங்கும் கொட்டகையில் தரம் பிரிக்கிறாள். பத்து வருடமாகப் போகும்போதும் வரும்போதும் பார்த்திருக்கிறேன், பார்க்காத மாதிரி நடந்திருக்கிறேன். அவள் முன்னால் மேசையில் நண்டு குவிந்திருந்தது. எடுப்பதும், புரட்டி அடிவயிற்றைப் பார்ப்பதும், கூடையில் போடுவதுமாகக் கை அதுபாட்டுக்கு ஓடியது. "இன்னாக்கா இந்தப் பக்கம்?" என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உடைந்த ஜாடி, லேபிள், சீட்டு, நீ, வறுவல். அவள் கை நிற்கவில்லை. நான் முடித்த பிறகு மூன்று நான்கு நண்டு கூடைக்குப் போயிருக்கும். பிறகுதான் நிறுத்தினாள்.

"மூணு புள்ளி இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சுடி."

"நெஜமாவே இருந்துச்சா?"

"நான்தானே கரையில வாங்கினேன். இருந்துச்சு."

"எனக்கு மார்க்கு போனது கூட மறந்து போச்சுக்கா. ஆனா இத்தினி வருசமா இன்னா நெனச்சினு இருந்தேன் தெரியுமா? இல்லாத புள்ளிய நான் பாத்துட்டேன்னு. அத்தினி படிச்சவங்க பாத்து இல்லன்னு சொன்னாங்களேன்னு. அப்பறம் எதப் பாத்தாலும் எனக்கு சந்தேகம்தான்க்கா. மேல படிக்கலாம்னு எங்க மாமியாரே சொன்னுச்சு, நாந்தான் வேணான்னேன். கண்ணு முன்ன இருக்கறதே சரியா தெரியாதவளுக்கு எதுக்குப் படிப்புன்னு."

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"நீ பக்கத்துலதானக்கா மணி அடிச்சினு நின்ன?"

"ஆமா."

அந்தப் பார்வையில் எனக்கு எவ்வளவு மரியாதை மிச்சம் இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. எனக்குச் சேர வேண்டிய அளவுதான். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை, நீயும் அப்படி எதையும் கற்பனை செய்துகொள்ளாதே. பாடம் நடத்துகிறோம் என்ற பெயரில் நாம் அந்தப் பெண்ணிடமிருந்து எடுத்தது மதிப்பெண்ணை இல்லை. தன் கண்மேல் அவளுக்கு இருந்த நம்பிக்கையை எடுத்துவிட்டோம். போன மாதம் நீ உட்கார வைத்தாயே, அந்தப் பையனிடமும் அதைத்தான் எடுத்தாய். சிரித்துக்கொண்டே, விருது வாங்கிக்கொண்டே.

கிளம்பும்போது கேட்டேன், "அவன வந்து உன்ன பாக்கச் சொல்லட்டுமா?" அவள் அதற்குள் மறுபடி நண்டுப் பக்கம் திரும்பியிருந்தாள். ஒன்றை எடுத்துத் தண்ணீரில் அலசி, முதுகை வெளிச்சத்துக்குத் திருப்பி ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மன்னிப்பு கேக்கறதுக்குன்னா வேணாம்னு சொல்லுக்கா. அத வச்சினு நான் இன்னா பண்ணப் போறேன்? நண்டு பாக்கறதுக்குன்னா வரச் சொல்லு. காலைல ஏழு மணிக்குள்ள வரணும். அப்பறம் எல்லாம் ஐஸுல போயிடும்."

சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன்.

அம்மா